பாதுகாப்பும் தேடலும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. பாதுகாப்புக்காகப் போட்ட மென்பொருள்கள் தேடவிடாமல் குறுக்கே நிற்கின்றன. அவற்றை எடுத்துவிடலாமென்றால் பயமாக இருக்கிறது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து வெளியிடுகிறோம்.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது என் மடிக்கணினியில் விபிஎன் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். அன்று முதல் கூகுளில் எதைத் தேடினாலும், நான் மனிதப் பிறவிதானா என்று சந்தேகப்பட்டு, படத்தில் உள்ள சிக்னல் விளக்குகளையும் பேருந்துகளையும் தொட்டுக் காட்டச் சொல்கிறது. பக்கத்தில் கண் மருத்துவமனை எங்கே என்று தேடினால் நெதர்லாந்து மருத்துவமனைகள் வருகின்றன. விபிஎன்னை நீக்கிவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: நீக்க வேண்டாம், வீட்டில் இருக்கும்போது அணைத்து வையுங்கள். உங்கள் மகன் செய்தது தவறில்லை, ஆனால் அதை எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் ஊருக்குப் போய்விட்டார்.

விபிஎன் ஓடும்போது உங்கள் கணினியிலிருந்து கிளம்பும் தகவல் எல்லாம் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டு, முதலில் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. எனவே கூகுளைப் பொறுத்தவரை நீங்கள் கும்பகோணத்தில் இல்லை. அந்த சர்வர் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிறீர்கள். நெதர்லாந்து மருத்துவமனைகள் வருவதன் காரணம் இதுதான். சிக்னல் விளக்குகளுக்கும் காரணம் ஏறக்குறைய இதுவே. அந்த சர்வரை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்ணான ஒரே ஐபி முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமானவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள், அவர்களில் சிலர் தானியங்கி நிரல்களை வைத்து ஆயிரக்கணக்கில் தேடல்களை அனுப்புகிறார்கள், ஆகையால் அந்த முகவரியிலிருந்து வரும் எவரையும் கூகுள் சந்தேகத்துடன்தான் பார்க்கிறது.

இவ்வளவு தொல்லையைப் பொறுத்துக்கொள்வதால் கிடைப்பது என்ன என்று பார்க்க வேண்டும். உங்களுக்கும் கூகுளுக்கும் இடையிலான தொடர்பு விபிஎன் இல்லாமலேயே எச்டிடிபிஎஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்துக்குத் தெரியும். கூகுளில் என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பது தெரியாது. விபிஎன் போட்டால் அந்தத் தளங்களின் பட்டியல் பிராட்பேண்ட் நிறுவனத்திடமிருந்து மறைந்து, விபிஎன் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. அது காசு வாங்காத விபிஎன் என்றால், அதை நடத்துவதற்கான செலவை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. மேலும், ஜிமெயில் கணக்கில் உள்நுழைந்தபடியே தேடுகிறீர்கள் என்றால், விபிஎன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேடுவது நீங்கள்தான் என்பது கூகுளுக்குத் தெரிந்தே இருக்கிறது.

தங்கும் விடுதி, ரயில் நிலையம் போன்ற இடங்களின் வைஃபையில் இணையும்போது போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மருத்துவமனை, பேருந்து நேரம், மின்வாரிய அலுவலகம் என்று ஊர் சார்ந்த எதைத் தேடினாலும் அணைத்துவிடுங்கள். சில விபிஎன் செயலிகளில் ஸ்பிளிட் டனலிங் என்ற வசதி உண்டு. எந்தெந்தச் செயலிகள் விபிஎன் வழியாகப் போக வேண்டும், எவை நேராகப் போக வேண்டும் என்று அதில் பிரித்து வைக்கலாம். அடுத்த முறை மகன் வரும்போது அதைச் செய்துதரச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதர்தானா என்று சோதிக்கும் இந்தக் கேப்சாக்களுக்கு நாம் பழகிப்போனதை மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் மனிதர் என்பதை நிரூபிக்க விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு ஒட்டுங்கள், பிறகு என்டர் தட்டுங்கள் என்று ஒரு பக்கம் சொன்னால், அது கேப்சா இல்லை. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். நீங்களே உங்கள் கையால் அதை உங்கள் கணினியில் இயக்கிவிடுவீர்கள். உண்மையான கேப்சா படத்தைத் தொடச் சொல்லும், கட்டத்தில் டிக் செய்யச் சொல்லும், எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும். அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து எதையும் செய்யச் சொல்லாது.

கேள்வி: என் மைத்துனர் ஒரு கூரியர் பார்சல் வராததால், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பேசினார். அவர்கள் சொன்ன ஒரு செயலியைப் போட்டு, ஐந்து ரூபாய் கட்டணம் செலுத்தினார். சிறிது நேரத்தில் கணக்கில் இருந்த பணம் போய்விட்டது. அவர் கணினியிலும் போனிலும் காசு கொடுத்து வாங்கிய ஆன்ட்டிவைரஸ் இருக்கிறது. வேறு எந்தப் பாதுகாப்பு மென்பொருள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது?
— பின்னலாடை நிறுவன ஊழியர், திருப்பூர்

பதில்: எந்த மென்பொருளும் இதை முழுமையாகத் தடுத்திருக்காது. உங்கள் மைத்துனர் தொலைபேசியில் ஒருவரிடம் பேசினார். திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும், சட்டப்படி கிடைக்கும் ஒரு செயலியைத் தானே நிறுவினார். தன் விரலாலேயே பணம் அனுப்பினார். இதில் ஆன்ட்டிவைரஸ் பிடிப்பதற்கு வைரஸ் என்று எதுவும் இல்லை. தவறு நேர்ந்தது தேடலில், அதிலும் முதல் சொடுக்கில்.

தேடல் முடிவுகளின் உச்சியில் வருவது பல நேரங்களில் விளம்பரம். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தை வாங்கலாம். அது விளம்பரம் என்பதைக் குறிக்கும் சொல் சிறிய எழுத்தில் மேலே இருக்கும், அவசரத்தில் இருப்பவர் கண்ணில் படாது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2022 டிசம்பரில் இதைப் பற்றியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மோசடிக்காரர்கள் தேடுபொறி விளம்பரங்களை வாங்கி, பெயர்பெற்ற நிறுவனங்களைப் போல நடிக்கிறார்கள் என்று அது எச்சரித்தது. இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்றும் அதே அறிவிப்பில் பரிந்துரைத்தது. விளம்பரத் தடுப்பானை வெறும் வசதிக்கான பொருளாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேடலையும் தெளிவாக்கி, பாதுகாப்பையும் கூட்டும் கருவிகள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் முழுமையாக இயங்குகிறது; குரோமில் அதன் லைட் வடிவம் இருக்கிறது. பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து நிறுவுங்கள், ஏனென்றால் விளம்பரத் தடுப்பான் என்ற பெயரிலேயே போலிகளும் உலவுகின்றன. 2018-இல் குரோம் அங்காடியிலிருந்து அப்படிப்பட்ட சில உலாவி நீட்டிப்புகள் நீக்கப்பட்டன.

ஆனால் விளம்பரத் தடுப்பான் விளம்பரத்தைத்தான் மறைக்கும். யாரோ ஒருவர் வரைபடத்தில் ஒரு கடையின் எண்ணை மாற்றி வைத்திருந்தாலோ, ஏதோ ஒரு கேள்வி–பதில் தளத்தில் போலி எண்ணை எழுதி வைத்திருந்தாலோ, அது சாதாரண முடிவாகவே வரும். ஆகவே சேவை எண்களை மட்டும் தேடியெடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. வங்கி எண் ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது. கூரியர் எண் ரசீதில் இருக்கிறது. யுபிஐ செயலியின் உதவி எண்ணையும் அந்தச் செயலிக்குள்தான் பார்க்க வேண்டும்.

தளத்தை நாட வேண்டியிருந்தால் அதன் முகவரியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதல் சாய்கோடு வரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படியுங்கள். அந்தக் கடைசி இரண்டு மூன்று துண்டுகள்தான் தளத்தின் உண்மையான உரிமையாளரைக் காட்டும். அதற்கு முன்னால் உங்கள் வங்கியின் பெயரை எவ்வளவு அழகாகக் கோத்திருந்தாலும் அது அலங்காரம்தான். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். தொடர்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அது சொன்னதே தவிர, எதிரில் இருப்பவர் யோக்கியர் என்று ஒருபோதும் சொன்னதில்லை. மக்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் குரோம் உலாவி 2023-இல் அந்தச் சின்னத்தையே மாற்றியது. இந்திய வங்கிகளைப் பொறுத்தவரை இப்போது ஒரு நல்ல அடையாளம் கிடைத்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவுள்ள முகவரியை வங்கிகளைத் தவிர வேறு எவரும் வாங்க முடியாது.

உங்கள் மைத்துனர் இன்னும் புகார் கொடுக்கவில்லையென்றால் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்கு முன்பே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது ரொக்கமாக வெளியேறுவதற்குள் தகவல் போனால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாக இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் அனுமதியற்ற பரிவர்த்தனைகளின் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும்.

கேள்வி: உலாவியில் வரலாறு பதியாத இன்காக்னிட்டோ சாளரத்தில் தேடினால் யாருக்கும் தெரியாது என்பது உண்மையா?
— கல்லூரி மாணவர், வேலூர்

பதில்: உங்களுக்குப் பிறகு அதே கணினியில் உட்காருபவருக்குத் தெரியாது. கல்லூரி நெட்வொர்க்குக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும், நீங்கள் போன தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். இதை மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளும்படி கூகுள் நடந்துகொண்டது என்று 2020-இல் அமெரிக்காவில் வழக்கு தொடுக்கப்பட்டது. 2024-இல் வெளியான சமரச விதிகளின்படி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும் அந்தச் சாளரத்தின் அறிவிப்பு வாசகத்தைத் திருத்தவும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. தேடலில் இன்காக்னிட்டோவுக்கு வேறொரு நல்ல பயன் இருக்கிறது. உங்கள் கணக்கின் பழைய தேடல்கள் கலக்காத முடிவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் அதில் ஒருமுறை தேடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் வடிகட்டி மென்பொருள் போட்டிருக்கிறோம். பெற்றோர் கேட்டுக்கொண்டதால் அதை மிகக் கடுமையான நிலையில் வைத்திருக்கிறோம். இப்போது பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடத்துக்குப் படம் தேடினால் தடை. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்குச் சுவரொட்டி தயாரிக்கத் தேடினால் தடை. தளர்த்தினால் பிள்ளைகள் கெட்டதைப் பார்த்துவிடுவார்களோ என்று நிர்வாகம் அஞ்சுகிறது. என்ன செய்வது?
— தலைமையாசிரியர், தேனி மாவட்டம்

பதில்: நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போக ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். பழையதுதான், ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் கைசர் குடும்ப அறக்கட்டளை 2002-இல், பள்ளிகளிலும் நூலகங்களிலும் பயன்பட்ட வடிகட்டிகளைச் சோதித்தது. ஆபாசத் தளங்களில் எத்தனை தடுக்கப்படுகின்றன, உடல்நலத் தகவல் தரும் நல்ல தளங்களில் எத்தனை தவறுதலாகத் தடுக்கப்படுகின்றன என்று இரண்டையும் சேர்த்தே அளந்தார்கள். மிகத் தளர்வான நிலையில் ஆபாசத் தளங்களில் 87 சதவீதம் தடுக்கப்பட்டன. நடுத்தர நிலையில் 90. மிகக் கடுமையான நிலையில் 91. அதாவது, திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பியும் கூடுதலாகக் கிடைத்தது வெறும் 4 புள்ளிகள். ஆனால் உடல்நலத் தளங்களின் கதை வேறு. தளர்வான நிலையில் 1.4 சதவீதம்தான் தவறுதலாகத் தடுக்கப்பட்டன. நடுத்தர நிலையில் 5 சதவீதம். கடுமையான நிலையிலோ 24 சதவீதம். நடுத்தரத்திலிருந்து கடுமைக்குப் போனதால் பாதுகாப்பில் 1 புள்ளி சேர்ந்தது, பயனுள்ள தகவலில் மேலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பறிபோனது.

இன்றைய மென்பொருள்களின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் எந்தப் பாதுகாப்புக் கருவியிலும் உச்ச அளவைத் தொடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். கடைசித் திருகலில் கிடைக்கும் லாபம் சிறியது, இழப்பு பெரியது.

எனவே வடிகட்டியை நடுத்தர நிலைக்குக் கொண்டுவாருங்கள். பாடத்துக்குத் தேவையான தளங்களை அறிவியல் ஆசிரியர்கள் பருவத் தொடக்கத்திலேயே எழுதித் தரட்டும். அவற்றை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடலாம். தேடல் முடிவுகளில் ஆபாசப் படங்கள் வராமல் சேஃப்சர்ச் வசதியைப் பள்ளி நெட்வொர்க் முழுவதற்கும் பூட்டி வைக்கும் வழியைக் கூகுளே அளிக்கிறது. செலவில்லாமல் மற்றொரு அடுக்கு வேண்டுமென்றால், ரௌட்டரில், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை 1.1.1.3 என்று மாற்றலாம். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் நடத்தும் இந்தச் சேவை, தீங்கான தளங்களையும் ஆபாசத் தளங்களையும் அவற்றின் பெயரைத் தேடும் கட்டத்திலேயே தடுத்துத் திறக்கவிடாது. இதுவும் பிழை செய்யாத ஒன்றல்ல. 2020 ஏப்ரலில் அறிமுகமானபோது பால்புதுமையினருக்கான தகவல் தளங்கள் சிலவற்றைத் தவறுதலாகத் தடுத்து, பிறகு திருத்திக்கொண்டது. எனவே தடுக்கப்பட்ட பக்கத்தைப் பற்றிப் பிள்ளைகள் ஆசிரியரிடம் கூச்சமில்லாமல் சொல்ல ஒரு குறிப்பேட்டை ஆய்வகத்திலேயே வையுங்கள். அதை வாரம் ஒருமுறை பார்த்தால், எதைத் திறந்துவிட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த தமிழ் இணைய இதழ்களைத் தேடுகிறேன். பயர்பாக்ஸில் எச்டிடிபிஎஸ் மட்டும் என்ற நிலையை வைத்திருப்பதால் பல தளங்கள் எச்சரிக்கைப் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. சில தளங்கள் கூகுளில் அகப்படுவதே இல்லை. சில, எழுத்துரு இறக்கச் சொல்கின்றன. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது?
— ஆய்வாளர், திருச்சி

பதில்: மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதால் தனித்தனியே பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்துத் தளங்கள் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி முறையில் இயங்கியவை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015-இல் மறையாக்கத்துக்கு வேண்டிய சான்றிதழ்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சிறிய தளங்களும் மறையாக்கத்துக்கு மாறின. அதற்கு முன்பே கைவிடப்பட்ட தளங்கள் அப்படியே நின்றுவிட்டன. அவற்றைப் படிப்பதால் மட்டும் பெரிய ஆபத்து இல்லை. நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்பதை வழியில் இருப்பவர் பார்க்கலாம், பக்கத்தின் உள்ளடக்கத்தையும் மாற்றலாம். ஆகையால் பொது வைஃபையில் திறக்காதீர்கள், அங்கே கடவுச்சொல்லோ மின்னஞ்சலோ எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். பயர்பாக்ஸின் பொது அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. எச்சரிக்கைப் பக்கத்திலேயே அந்த ஒரு தளத்துக்குத் தொடர்ந்து செல்லும் பொத்தான் இருக்கிறது. அதைவிட நல்ல வழி, தளத்தின் முகவரியை, பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துப் பார்ப்பது. அங்கே தொடர்பு மறையாக்கம் செய்யப்பட்டது. பழைய சர்வரை நீங்கள் தொடுவதே இல்லை. தளம் செத்துப்போயிருந்தாலும் பிரதி கிடைக்கலாம். கூகுள் தன் முடிவுகளில் கொடுத்துவந்த சேமிப்புப் பிரதி இணைப்பை 2024-இல் எடுத்துவிட்டதால், ஆய்வாளர்களுக்கு வேபேக் முன்னைவிட அவசியமாகிவிட்டது.

கூகுளில் அகப்படாததற்குப் பாதுகாப்புக் கருவிகளைக் குறை சொல்ல முடியாது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமிக்க டிஸ்கி, டாம், டாப் என்று பல குறியாக்கங்கள் இருந்தன; 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் இரண்டையும் தமிழ்நாடு அரசே தரப்படுத்தியது. அவற்றில் எழுதிய பக்கம் கணினிக்குள் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். நீங்கள் இன்று யூனிகோடில் தட்டச்சு செய்யும் சொல் அதனோடு எப்படிப் பொருந்தும்? 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம் தன் நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. சிற்றிதழ்கள் பலவற்றுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஆகவே பழைய பக்கங்களில் ஆங்கில எழுத்தில் இருந்திருக்கக்கூடியவற்றைத் தேடுங்கள்: இதழின் பெயர், ஆசிரியர் பெயரின் ஆங்கில வடிவம், அவர்கள் பயன்படுத்திய எழுத்துருவின் பெயர். தளத்தின் முகவரி தெரிந்தால் site: (சைட்) என்ற கட்டளையை முன்னால் போட்டு அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடலாம்.

எழுத்துரு விஷயத்தில்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். டாட் டிடிஎஃப் என்று முடிவது எழுத்துருக் கோப்பு. டாட் இஎக்ஸ்இ என்று முடிவது நிரல். அந்தக் காலத்தில் பலர் எழுத்துருவையே அப்படிப் பொதித்துத் தந்தார்கள் என்றாலும், அந்தக் கோப்பு இன்று யார் கையில் இருக்கிறது என்பது தெரியாததால் அதை இயக்கக் கூடாது. பக்கத்தின் எழுத்தை நகலெடுத்து, உலாவியிலேயே இயங்கும் குறியாக்க மாற்றி ஒன்றில் ஒட்டினால் எழுத்துரு இல்லாமலேயே படித்துவிடலாம். சந்தேகமான கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல ஆன்ட்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். ஆனால் அங்கே ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்புத் துறையினருடன் பகிரப்படுகின்றன. உங்கள் ஆய்வேட்டின் வரைவையோ ஆதார் நகலையோ அதில் ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஆன்ட்டிவைரஸைப் புதுப்பித்த பிறகு என் உலாவியின் தேடுபொறி மாறிவிட்டது, பாதுகாப்பான தேடல் என்ற பெயரில் வேறொரு பக்கம் வருகிறது, முடிவுகளும் முன்போல இல்லை. இது வைரஸா?
— மருந்துக் கடை உரிமையாளர், நாகர்கோவில்

பதில்: வைரஸாக இருக்க வேண்டியதில்லை. ஆன்ட்டிவைரஸை நிறுவும்போது வரும் திரைகளில் ஏற்கெனவே டிக் செய்யப்பட்ட கட்டம் ஒன்று இருந்திருக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்து, அடுத்து என்று அழுத்தியிருப்பீர்கள். உலாவி அமைப்புகளில் தேடுபொறி என்ற பகுதிக்குப் போய் பழையதையே தேர்ந்தெடுங்கள். நீட்டிப்புகளின் பட்டியலில் அந்தத் தேடல் நீட்டிப்பை நீக்குங்கள். ஆன்ட்டிவைரஸ் தொடர்ந்து இயங்கும், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

பாதுகாப்பு என்ற பெயர் போட்ட நீட்டிப்பு நம் தேடல்கள் அனைத்தையும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். தளங்களுக்கு நம்பகத்தன்மை மதிப்பெண் கொடுத்துவந்த வெப் ஆஃப் டிரஸ்ட் என்ற நீட்டிப்பு, பயனர்களின் உலாவல் வரலாற்றை விற்றது 2016-இல் ஜெர்மானிய ஊடகத்தின் விசாரணையில் தெரியவந்தது. அவாஸ்ட் நிறுவனம் தன் துணை நிறுவனம் வழியாக உலாவல் தகவலை விற்றதற்காக, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. இவற்றைப் படித்துவிட்டு ஆன்ட்டிவைரஸே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கணினிக்குள் ஓடும் பாதுகாப்பு ஒன்று போதும். உலாவிக்குள் அது நீட்டும் கூடுதல் கைகளை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: அந்தரங்கத்துக்காக டக்டக்கோ என்ற தேடுபொறிக்கு மாறினேன். ஆங்கிலத்தில் தேடினால் பரவாயில்லை; தமிழில் தேடினால் திருப்தியாக இல்லை.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டக்டக்கோ தன் இணைய முடிவுகளைப் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் பிங்கிடமிருந்து பெறுகிறது, தமிழ்ப் பக்கங்களில் கூகுளின் வீச்சு அதைவிட அகலம் என்பது என் அனுபவமும்கூட. நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்டார்ட்பேஜ், கூகுள் முடிவுகளையே உங்கள் அடையாளத்தை நீக்கிவிட்டு வாங்கித் தருகிறது. தமிழுக்கு அதை முயன்று பாருங்கள். டக்டக்கோவிலேயே இருக்க விரும்பினால், ஆச்சரியக்குறியையும் ஜி என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்துத் தேடலுக்கு முன்னால் போட்டால் அது கூகுளுக்கே அனுப்பிவிடும். அந்தத் தேடலுக்கு மட்டும் டக்டக்கோவின் பாதுகாப்பு இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தமிழ்த் தேடலுக்கு ஒரு யோசனை. நம் சொற்கள் வேற்றுமை உருபுகளோடு ஒட்டி வருவதால், கல்வெட்டுகளில் என்று மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் கல்வெட்டு என்று மட்டும் எழுதிய பக்கம் தப்பிவிடும். உருபை நீக்கி, மேற்கோள் குறி இல்லாமல் தேடிவிட்டு, பிறகு குறுக்கிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊரில் உள்ள நிலத்தின் பட்டா விவரத்தைப் பார்க்க அரசுத் தளத்துக்குப் போனால் திறக்கவே மறுக்கிறது. விபிஎன்னில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாமா?
— கட்டுமானப் பொறியாளர், சிங்கப்பூர்

பதில்: இந்திய அரசுத் தளங்கள் பல, தாக்குதல்களுக்கு அஞ்சி, வெளிநாட்டு ஐபி முகவரிகளைத் தடுத்து வைத்திருக்கின்றன. இந்திய முகவரி கொடுக்கும் விபிஎன் மூலம் சில நேரங்களில் திறக்கும். ஆனால், விபிஎன் வாடிக்கையாளர்களின் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டதும், பெரிய விபிஎன் நிறுவனங்கள் சில தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் பயனர்களுக்கு இந்திய முகவரியைச் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வைத்த சர்வர்களிலிருந்து கொடுக்க ஆரம்பித்தது. இந்தியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் தகவல் சிங்கப்பூரையே தாண்டாமல் இருக்கக்கூடும். பட்டாவைப் பார்ப்பது மட்டும் என்றால் பணம் கட்டும் நம்பகமான விபிஎன்னில் முயலலாம். ஓடிபி, ஆதார், கட்டணம் என்று வந்தால் ஊரில் இருக்கும் உறவினரை இ-சேவை மையத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்துக்கு ஓர் இணையதளம் வைத்திருக்கிறோம். இரண்டு வாரமாக அதைத் திறந்தால் சிவப்பு நிறப் பக்கம் வந்து ஆபத்தான தளம் என்கிறது. கூகுளில் தேடினாலும் எங்கள் தளம் கீழே போய்விட்டது. நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. கூகுள் தவறு செய்திருக்குமா?
— வாசகர் வட்டச் செயலாளர், மன்னார்குடி

பதில்: செய்யக்கூடும், செய்தும் இருக்கிறது. 2009 ஜனவரி 31 அன்று, ஆபத்தான தளங்களின் பட்டியலில் ஒரே ஒரு சாய்கோட்டை ஊழியர் ஒருவர் தவறுதலாகச் சேர்த்துவிட, எல்லா முகவரியிலும் சாய்கோடு இருப்பதால், உலகத்தின் எல்லாத் தளங்களும் ஆபத்தானவை என்று கூகுள் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அறிவித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பிழை உடனே தெரிந்துவிட்டது. இரண்டு வாரமாக உங்கள் தளத்துக்கு மட்டும் எச்சரிக்கை வருகிறதென்றால், பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாமல் யாரோ தளத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். புதுப்பிக்காமல் விட்ட வேர்ட்பிரஸ் செருகுநிரல்தான் இதற்கு வழக்கமான வாசல். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் நடத்தும் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்து, பாதுகாப்புச் சிக்கல்கள் என்ற பகுதியைப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று அங்கே எடுத்துக்காட்டுகளோடு இருக்கும். தளத்தைச் சுத்தம் செய்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிய பிறகே மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். பாதி வேலையோடு விண்ணப்பித்தால் அது நிராகரிக்கப்பட்டு இன்னும் தாமதமாகும். அதுவரை, எச்சரிக்கையைத் தாண்டி வாருங்கள் என்று உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பாதீர்கள். மாதக் கூட்ட அறிவிப்பை நூலகப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.